க்ளிஃப் பர்ட்டன்: 24 வயதில் மறைந்தவர் மெட்டாலிகா ரசிகர்களின் சண்டையில் இன்னும் இருப்பது ஏன்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசன் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. நண்பர்களைக் காப்பாற்ற, டிரெய்லர் வீட்டின் கூரை மேல் ஏறி நின்று கிட்டார் வாசிப்பார் எடி மன்சன். பாட்டு, மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. கதை நடப்பது 1986 மார்ச்சில். அந்த ஆல்பம் வெளியானது 1986 மார்ச் 3. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

2022 ஜூலையில் அந்த எபிசோடு வந்ததும், 36 வயசான அந்தப் பாட்டு அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் ஹிட் பட்டியலில் ஏறியது. ஒரு புது தலைமுறையே மெட்டாலிகாவைத் தேடி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அடுத்து எந்த ஆல்பம் கேட்கலாம்?

அங்கதான் சண்டை ஆரம்பிச்சது. இல்ல, ஏற்கெனவே பல வருஷமா நடந்துகொண்டிருந்த சண்டைக்குள் இவர்களும் இழுக்கப்பட்டார்கள்.

முதல் மூன்று ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன்பிறகு வந்ததெல்லாம் வியாபாரம் என்பார்கள் பழைய ரசிகர்கள். அதன்பிறகு வந்ததிலும் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன, காதைத் திறந்து வைத்துக் கேளுங்கள் என்பார்கள் இன்னொரு கூட்டம். எந்தப் பக்கம் பேசினாலும், கொஞ்ச நேரத்தில் ஒரு பெயர் கண்டிப்பாக வந்துவிடும். க்ளிஃப் பர்ட்டன். அவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று ஒரு தரப்பு. அவர் இருந்திருந்தால் இதைத்தான் ரசித்திருப்பார் என்று மறுதரப்பு.

யார் இவர்? மூன்றே ஆல்பங்களில் வாசித்துவிட்டு 24 வயதில் மறைந்த ஒருவரை ஏன் எல்லோரும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்? அவர் வாழ்க்கை உண்மையில் யாருக்குச் சாதகமாகப் பேசுகிறது? பார்க்கலாம்.

*அண்ணனின் மரணமும் நான்கு கம்பிகளும்*

க்ளிஃபர்ட் லீ பர்ட்டன் 1962 பிப்ரவரி 10 அன்று பிறந்தார். வளர்ந்த ஊர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் காஸ்ட்ரோ வேலி. அப்பா ரே, அம்மா ஜேன். ஒரு அண்ணன் ஸ்காட், ஒரு அக்கா கானி. வீட்டில் இவர்தான் கடைக்குட்டி.

இசை முதலில் வந்தது அப்பா வழியாக. மேற்கத்திய சாஸ்திரிய இசையை வீட்டில் கேட்டு வளர்ந்தார். சின்ன வயசில் பியானோ கற்றுக்கொண்டார். அதுவரைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

1975ல் அண்ணன் ஸ்காட் இறந்துபோனார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, திடீரென நடந்த மரணம். க்ளிஃபுக்கு அப்போது 13 வயது. அதன்பிறகுதான் அவர் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார். அண்ணனுக்காகவே மிகச்சிறந்த பேஸ் கலைஞனாக ஆகப்போகிறேன் என்று அவர் சொன்னதாகப் பெற்றோர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

சொன்னதைச் செய்கிற ஆள். தினமும் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. மெட்டாலிகாவில் சேர்ந்து பெயர் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஒரு சின்ன விளக்கம். பேஸ் கிட்டார் என்பது பொதுவாக நான்கு தடித்த கம்பிகள் கொண்டது. பாட்டின் அடித்தளத்தைத் தாங்குவது அதன் வேலை. வீடு கட்டும்போது அஸ்திவாரம் மாதிரி, இருக்கும்வரை யாரும் கவனிக்கமாட்டார்கள். மேடையில் வெளிச்சம் முழுக்கப் பாடகர் மேலும் லீட் கிட்டார் மேலும்தான் விழும். பர்ட்டன் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், அழுவது போல வளைக்கும் வா-வா பெடல் என்று, லீட் கிட்டார்காரர்கள் பயன்படுத்துகிற கருவிகளை பேஸில் இணைத்தார். பல மெட்டல் பேஸ் கலைஞர்கள் பிக் என்கிற சின்னத் தகட்டால் கம்பியைத் தட்டுவார்கள். இவர் விரல்களாலேயே வாசித்தார்.

*பெற்றோர் கொடுத்த நான்கு வருஷம்*

பள்ளியிலேயே முதல் பேண்ட் ஆரம்பித்தாகிவிட்டது. பெயர் ஈஸி ஸ்ட்ரீட். கூட வாசித்த ஜிம் மார்ட்டின், மைக் போர்டின் இருவரும் பின்னாளில் ஃபெய்த் நோ மோர் என்ற பேண்டில் உலகப் புகழ் பெற்றார்கள். பள்ளி முடிந்து பக்கத்து ஊரான ஹேவர்டில் ஷாபோ கல்லூரியில் சேர்ந்தபோதும் மார்ட்டினுடன் சேர்ந்து இன்னொரு பேண்ட்.

இசைதான் என் வேலை என்று வீட்டில் சொன்னபோது, பெற்றோர் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நான்கு வருஷம் வாடகை, சாப்பாட்டுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்குள் இதில் பிழைக்க முடியாது என்று தெரிந்தால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததைச் செய்யலாமா என்று யோசிக்கிற யாருக்கும் இந்த டீல் பொறாமையைத் தரும்.

1982ல் ட்ராமா என்ற பேண்டில் சேர்ந்தார். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் விஸ்கி எ கோ கோ என்ற புகழ்பெற்ற கிளப்பில் ட்ராமா வாசித்தது. கூட்டத்தில் இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக். 1981ல் மெட்டாலிகாவைத் தொடங்கியவர்கள். மேடையிலிருந்து ஒரு அசத்தலான சோலோ வருகிறது, எந்த கிட்டார்காரர் வாசிக்கிறார் என்று தேடியிருக்கிறார்கள். யாரும் வாசிக்கவில்லை. சத்தம் வந்தது பேஸ் கிட்டாரிலிருந்து. தலைமுடியைச் சுழற்றிக்கொண்டு, அப்போதே பழசாகிப்போன பெல்பாட்டம் பேண்டோடு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

எங்களோடு வந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். பர்ட்டன் ஒரு நிபந்தனை போட்டார். லாஸ் ஏஞ்சலீஸுக்கு நான் வரமாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். ஒரு பேஸ் கலைஞருக்காக முழு பேண்டும் ஊர் மாறியது. 1983 மார்ச் 5, சான் பிரான்சிஸ்கோவில் தி ஸ்டோன் கிளப்பில் மெட்டாலிகாவுடன் அவரது முதல் நிகழ்ச்சி.

*மூன்று ஆல்பம், மூன்று விதம்*

இன்றைய சண்டைக்கான விடை இந்த மூன்றரை வருஷத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்', 1983 ஜூலை. அதில் பெரும்பாலான பாடல்கள் பர்ட்டன் வருவதற்கு முன்பே தயாராகிவிட்டவை. வேகம், கோபம், இளரத்தம். நடுவில் 'அனஸ்தீஷியா' என்று ஒரு துண்டு வரும். முழுக்க பேஸ் சோலோ, கடைசியில் மட்டும் டிரம்ஸ் சேரும். அறிமுக ஆல்பத்திலேயே பேஸ் கலைஞருக்கு ஒரு தனி டிராக் ஒதுக்குவது அப்போதும் அபூர்வம், இப்போதும் அபூர்வம்.

இரண்டாவது 'ரைட் தி லைட்னிங்', 1984 ஜூலை. கோபன்ஹேகனில் பதிவானது. எட்டுப் பாடல்களில் ஆறில் இசையமைப்பாளர்கள் பட்டியலில் பர்ட்டன் பெயர் இருக்கிறது. முதல் பாடலைப் போட்டதும், மெட்டல் ஆல்பம் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. மென்மையான அகூஸ்டிக் கிட்டாரோடு ஆரம்பிக்கும். 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தக் கரகர இசையை இன்றும் பலர் கிட்டார் என்று நினைக்கிறார்கள். அது பர்ட்டனின் பேஸ்.

அதே ஆல்பத்தில்தான் 'ஃபேட் டு பிளாக்' இருக்கிறது. மெதுவான, சோகமான பாடல். இன்று மெட்டாலிகாவின் கிளாசிக். ஆனா, அன்று என்ன நடந்தது தெரியுமா? விலைபோய்விட்டார்கள் என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். மெட்டல் பேண்டுக்கு ஸ்லோ பாட்டு எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிகா மாறிவிட்டது என்ற புகார் 1991ல் பிறந்ததில்லை, 1996லும் இல்லை. இரண்டாவது ஆல்பத்திலேயே, பர்ட்டன் உயிரோடு இருந்தபோதே, அவர் பெயரும் சேர்ந்திருக்கும் ஒரு பாடலுக்கே அந்தப் புகார் வந்துவிட்டது.

மூன்றாவது 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1986 மார்ச். ரேடியோ ஆதரவு பெரிதாக இல்லை, மியூசிக் வீடியோ கிடையவே கிடையாது. அப்படியும் அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டி கோல்டு சான்று பெற்றது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் மெட்டல் ஆல்பம் இதுதான்.

இதில் 'ஓரியன்' என்று எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு டிராக். பாட்டு வரிகளே கிடையாது. நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் மெல்ல நடக்க ஆரம்பிக்கும். அதன் மேல் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஒரே ராகத்தை எல்லோரும் சேர்ந்து வாசிக்காமல், தனித்தனி இசைக்கோடுகள் ஒன்றோடொன்று பின்னிப் போகும். சின்ன வயசில் கேட்ட சாஸ்திரிய இசை, குறிப்பாக பாஹ், இங்கே மெட்டலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேண்டில் இசைக்கோட்பாடு முறையாகத் தெரிந்தவர் பர்ட்டன்தான். இரண்டு கிட்டார்களை இணைத்து ஹார்மனி அமைப்பது எப்படி என்பதில் ஹெட்ஃபீல்டுக்கு அவர்தான் வாத்தியார் மாதிரி.

மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்று போல இன்னொன்று இருக்காது.

*அவர் பிளேலிஸ்ட்டில் என்ன இருந்தது?*

மெட்டல் மட்டும்தான் கேட்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருபக்கம் பாஹ். இன்னொருபக்கம் மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் பேண்ட். அவர்களது மண்டையோட்டுச் சின்னத்தைக் கையில் பச்சை குத்தியிருந்தார். வேன் பயணங்களில் மிஸ்ஃபிட்ஸ் கேசட்டை விடாமல் ஓட்டி, பிடிக்காத மற்றவர்களையும் ரசிகர்களாக்கியவர் அவர். அதோடு தின் லிஸி, தெற்கு அமெரிக்க மண்வாசனை கொண்ட லினர்ட் ஸ்கினர்ட், ஆர்.இ.எம். என்ற மென்மையான ராக் பேண்ட். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ரசிகர். 'ரைட் தி லைட்னிங்' ஆல்பத்தின் கடைசி டிராக்கான 'தி கால் ஆஃப் க்துலு', லவ்கிராஃப்ட் கதையிலிருந்து பெயர் வாங்கியது.

*செப்டம்பர் 27, அதிகாலை*

1986ன் முதல் பாதி முழுக்க ஏறுமுகம். ஆஸி ஆஸ்போர்னின் நிகழ்ச்சிகளில் மெட்டாலிகா தொடக்க பேண்டாக அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. பிறகு ஐரோப்பா. செப்டம்பர் 26 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் நிகழ்ச்சி. முடிந்ததும் கோபன்ஹேகன் நோக்கி இரவுப் பயணம்.

பஸ்ஸில் எந்த பெர்த் யாருக்கு என்று பர்ட்டனும், லீட் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட்டும் சீட்டு எடுத்தார்கள். பர்ட்டனுக்கு விழுந்தது ஸ்பேட் ஏஸ். ஜெயித்தவர் ஹாமெட் படுத்து வந்த பெர்த்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் அதிகாலை, ஸ்வீடனின் தெற்கே டோராப் என்ற சிற்றூருக்கு அருகே பஸ் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பர்ட்டன் ஜன்னல் வழியாக வெளியே தூக்கி எறியப்பட்டார். பஸ் அவர் மேலேயே சாய்ந்தது. வயது 24.

சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் வழுக்கியது என்றார் ஓட்டுநர். உள்ளாடையோடு, அந்தக் குளிரில் சாலையில் முன்னும் பின்னும் நடந்து ஹெட்ஃபீல்ட் பனியைத் தேடினார். அவர் கண்ணில் எதுவும் படவில்லை. விசாரணை நடந்தது. ஓட்டுநர் மீது குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

இறுதிச் சடங்கில் 'ஓரியன்' ஒலித்தது. பர்ட்டன் எழுத உதவிய இசையே அவரை வழியனுப்பியது.

*காலியான இடம்*

பேண்டைக் கலைக்க வேண்டாம், தொடருங்கள் என்று பர்ட்டன் குடும்பம் ஊக்கம் கொடுத்தது. 40க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்து, ஜேசன் நியூஸ்டெட் தேர்வானார். நவம்பர் 8 அன்று அவரோடு முதல் நிகழ்ச்சி. விபத்து நடந்து ஆறே வாரம்.

துக்கம் அனுசரிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னாளில் பேண்ட் உறுப்பினர்களே ஒப்புக்கொண்டார்கள். அழாத அழுகை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது நியூஸ்டெட் தலையில் விடிந்தது. புதிதாக வந்தவரைக் கேலி, கிண்டல், ஒதுக்கல் என்று வருஷக்கணக்கில் வாட்டினார்கள்.

1988ல் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வந்தது. அதைக் கேட்கிற எல்லோரும் கவனிக்கிற விஷயம், பேஸ் சத்தமே இல்லை. கிட்டத்தட்ட முழுசாக அமுக்கப்பட்டிருக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி பேண்டிலிருந்தே உத்தரவு வந்தது என்று ஒலிக்கலவை செய்தவர்கள் பிறகு பேட்டிகளில் சொன்னார்கள். ரசிகர்களே பேஸை ஏற்றி, தனியாக மிக்ஸ் செய்து இணையத்தில் பகிர்ந்தார்கள்.

அதே ஆல்பத்தில் 'டு லிவ் இஸ் டு டை' என்று ஒரு டிராக். பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துண்டுகளைக் கொண்டு கட்டியது. இறந்தவரின் பேஸ் வரிகளை மறக்க முடியாமல், உயிரோடு இருக்கிறவரின் பேஸைக் கேட்கவும் முடியாமல் தவித்த ஒரு ஆல்பம் அது.

*அப்புறம்தான் பெரிய சண்டை*

1991. கறுப்பு அட்டை போட்ட, பேண்டின் பெயரையே தாங்கிய ஆல்பம். பாடல்கள் குட்டையாயின, வேகம் குறைந்தது, ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி பளிச்சென்று ஆனது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கும் மேல் விற்றது. பழைய ரசிகர்கள் பாதிப்பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

1996ல் 'லோட்', 1997ல் 'ரீலோட்'. தலைமுடியை வெட்டிக்கொண்டு, கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். இசையில் ப்ளூஸ், கண்ட்ரி, தெற்கத்திய ராக் வாசனை. மெட்டல் எங்கே என்ற கேள்வி உச்சத்துக்குப் போனது இங்கேதான்.

1999ல் சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனி இசைக்குழுவோடு கச்சேரி. 2001ல் நியூஸ்டெட் விலகல். 2003ல் 'செயின்ட் ஆங்கர்': கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை, டிரம்ஸ் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது என்று இன்றுவரை மீம் போடுகிறார்கள். 2008ல் 'டெத் மேக்னடிக்': பழைய நீளமான பாடல்களுக்குத் திரும்பினார்கள், ஆனா சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதில் ஒலி உடைகிறது என்று ரசிகர்கள் மனு போட்டார்கள். 2011ல் லூ ரீடுடன் 'லுலு'. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்துவிட்டும் போனார்கள். 2016ல் 'ஹார்ட்வயர்ட்', 2023ல் '72 சீசன்ஸ்'.

ஒவ்வொரு ஆல்பம் வரும்போதும் அதே சண்டை. அதே பெயர்.

*அவர் இருந்திருந்தால்?*

பழைய ரசிகர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பர்ட்டனோடு போனது வெறும் ஒரு நபர் இல்லை. மெட்டாலிகாவில் பேஸ் ஒரு தனிக்குரலாகப் பேசியது, இசைக்கோடுகள் பின்னிப் பின்னிப் போனது, இரண்டுமே அவரோடு பெருமளவு குறைந்துவிட்டன. 'டு லிவ் இஸ் டு டை'க்குப் பிறகு பேண்டின் அடுத்த ஆல்பத்தில் வரிகள் இல்லாத முழு டிராக் ஒன்று வர 20 வருஷம் ஆனது. 'டெத் மேக்னடிக்' வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இழப்பு காதுக்கே தெரிகிறது. அதைச் சொல்பவர்களைப் பழமைவாதி என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனா, பர்ட்டனை மாற்றத்துக்கு எதிரான காவலாளியாக நிறுத்துவது அவர் வாழ்க்கைக்குப் பொருந்தவே இல்லை. மெட்டலுக்குள் பாஹைக் கொண்டுவந்தவர் அவர். பங்க்கைக் கொண்டுவந்தவரும் அவர்.

சில விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிம்ஃபனியோடு சேர்ந்தது மெட்டல் துரோகம் என்றார்கள் சிலர். அந்தக் கச்சேரிப் பதிவுக்குக் கிராமி விருது வாங்கித் தந்த டிராக் எது? 'தி கால் ஆஃப் க்துலு'. பர்ட்டன் பெயர் உள்ள இசை. 1998ல் மற்றவர்களின் பாடல்களை வாசித்து 'கராஜ் இன்க்.' வெளியிட்டபோதும் முணுமுணுப்பு இருந்தது. அதில் மிஸ்ஃபிட்ஸ் இருக்கிறது, தின் லிஸி வழியாகப் பிரபலமான பாடல் இருக்கிறது, லினர்ட் ஸ்கினர்ட் இருக்கிறது. கிட்டத்தட்ட பர்ட்டனின் கேசட் பெட்டி. ஸ்கினர்ட் பாடலில் விருந்தினராக கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் ஜிம் மார்ட்டின். ஆமாம், பள்ளிக்கால நண்பர் அதே ஜிம் மார்ட்டின்.

அதனால் 'லோட்' ஆல்பத்தை அவர் கொண்டாடியிருப்பார் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. தெற்கத்திய ராக் பிடிக்கும் என்பதற்காக அந்தக் குறிப்பிட்ட பாடல்களும் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியுமா? ஊரை மாற்றினால்தான் வருவேன் என்று 20 வயதில் நிபந்தனை போட்டவர், ஸ்டுடியோவுக்குள் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருப்பார். 24 வயதில் நின்றுபோன ஒருவரின் 34 வயது ரசனையை நாம் எழுத முடியாது. இரண்டு தரப்புமே அவர் வாயில் தங்கள் வார்த்தையை வைக்கிறது.

அவர் வாழ்க்கை சொல்வது வேறு ஒன்று. போன ஆல்பம் மாதிரியே இன்னொன்று செய் என்று மெட்டாலிகாவிடம் கேட்பது, பர்ட்டன் ஒருமுறைகூடச் செய்யாத விஷயத்தைக் கேட்பது. பிந்தைய ஆல்பங்களை விமர்சிக்கத் தாராளமாகக் காரணம் இருக்கிறது. டிரம்ஸ் ஒலி மோசம் என்றால் மோசம் என்று சொல்லலாம். பாட்டு நீளம் என்றால் நீளம் என்று சொல்லலாம். அதற்குச் செத்துப்போன ஒருவரின் கையெழுத்து தேவையில்லை.

*அப்பா எந்தப் பக்கம்?*

இந்தச் சண்டையில் யாருக்காவது அதிகாரம் இருக்கிறது என்றால், அது ரே பர்ட்டனுக்குத்தான். இரண்டு மகன்களைப் பறிகொடுத்த அப்பா. மகன் இல்லாத மெட்டாலிகா மீது அவர் கோபப்பட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது.

அவர் கச்சேரிகளுக்குப் போனார். பேண்ட் முடி வெட்டினாலும், மெட்டு மாற்றினாலும் உறவு அறுபடவில்லை. 2009 ஏப்ரலில் மெட்டாலிகா ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, மகன் சார்பில் மேடையேறியவர் அவர்தான். அந்த மேடையில் நியூஸ்டெட்டும் இருந்தார், 2003ல் பேஸுக்கு வந்த ராபர்ட் ட்ருஹியோவும் இருந்தார்.

மகனின் இசையிலிருந்து வந்த ராயல்டி பணத்தை ரே என்ன செய்தார் என்பது 2017ல்தான் பரவலாகத் தெரியவந்தது. க்ளிஃப் படித்த காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியில் இசை படிக்கிற மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவந்தார். 2020 ஜனவரியில், 94வது வயதில் அவர் காலமானார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2019 செப்டம்பரில், மெட்டாலிகா மறுபடியும் அதே சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு மேடையேறியது. நடுவில் எல்லோரும் அமைதியாக, சிம்ஃபனியின் பேஸ் கலைஞர் ஸ்காட் பிங்கல் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். முதல் சில நொடி கூட்டத்துக்குப் புரியவில்லை. புரிந்ததும் அரங்கம் அதிர்ந்தது. அது 'அனஸ்தீஷியா'. 1983ல் ஒரு 21 வயதுப் பையன் பெடலை மிதித்து வாசித்த அதே பேஸ் சோலோ, சாஸ்திரிய இசைக்கலைஞர் ஒருவரின் கையில்.

*எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?*

சரி, புதுசாகக் கேட்க வந்தவர்களுக்கு. ஹெட்ஃபோன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் பேஸ் காதில் விழாது.

முதலில் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்'. தொடக்கத்தில் கிட்டார் மாதிரி கேட்பது பேஸ் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 'ஓரியன்', அவசரம் இல்லாத ஒரு ராத்திரியில். பிறகு 'டு லிவ் இஸ் டு டை'. அது முடிந்ததும் 1999 சிம்ஃபனி கச்சேரியின் 'தி கால் ஆஃப் க்துலு'. கடைசியாக '72 சீசன்ஸ்' ஆல்பத்தின் 'இனமொராட்டா', 11 நிமிடம். மெட்டாலிகாவின் மிக நீளமான பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் பேசுகிற இடம் ஒன்று வரும்.

அந்த இடம் வரும்போது பிந்தைய ஆல்பங்கள் பற்றி உங்களுக்கே ஒரு கருத்து வந்திருக்கும். அதைச் சொல்லுங்கள், உங்கள் பெயரிலேயே.